பக்கத்து நாற்காலிக்காரரின் ரத்த அழுத்தம்

கிளினிக்கில் பக்கத்து நாற்காலிக்காரரின் கையில் பட்டை இறுகுகிறது. அவர் மனைவி பேச்சை நிறுத்துவதாக இல்லை. "சிப்ஸ் பாக்கெட்டை ஷூவுக்குள்ள ஒளிச்சு வைக்கிறாரு, சிஸ்டர்." "அளக்கும்போது திட்டாதீங்கம்மா, ஏறும்," என்கிறார் நர்ஸ். ஏறித்தான் இருக்கிறது. திட்டு விழுந்தால் ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் ஓங்கித் தள்ளும். சற்று நேரத்தில் உடலே தளர்த்திவிடும். தளர்த்த முடியாமல் போன உடலில் அழுத்தம் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. என் மனைவியின் உடலில் அப்படித்தான் தங்கியது. போன வருடம் அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே கணவரின் சட்டைக் கையை இறக்கி, கசங்கலை நீவிவிடுகிறார். பல மாதங்களாக எதுவும் உறைக்காத எனக்கு அதைப் பார்க்க வயிறு எரிகிறது. இப்போது பட்டை என் கையில். காற்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. "நார்மல்," என்கிறார் நர்ஸ். "தம்பியைப் பாத்துக் கத்துக்குங்க," என்று அந்த அம்மா கணவரை இடிக்கிறார். "அவருக்கென்ன, வீட்ல திட்ட ஆளில்ல போல," என்று கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். நான் தலையாட்டிவிட்டு, என் சட்டைக் கையை நானே இறக்கி நீவிக்கொள்கிறேன்.