அரை அங்குலம்

"மைக் இன்னும் சரியா உட்காரலை. அரை அங்குலம் தள்ளணும்" என்று ஒலிப்பதிவு அக்கா எழுந்தபோது பாடகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது ஆறாவது அரை அங்குலம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலெக்ட்ரிக் கிட்டாருடன் நின்றவன் அவனுடைய மச்சினன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து அறையில் தனியாக இருந்தது. முழுச் சத்தத்தில் வைத்தால்தான் இவர்கள் பாட்டுக்கு வேண்டிய உறுமல் வரும்.

மச்சினன் ஒத்திகையில் புலி. பதிவு ஆரம்பம் என்று சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், விரல் விறைத்துவிடும். இரண்டு தடவை வந்து, ஒன்றும் தேறாமல் திரும்பியாகிவிட்டது. இன்று மாலைக்குள் பாட்டை அனுப்பாவிட்டால் போட்டியில் இடம் கிடையாது.

அதனால் பாடகன் முன்யோசனையாக வேறொரு கிட்டார்க்காரனை எதிர் டீக்கடையில் உட்கார வைத்திருந்தான். மூன்று மணி வரை மச்சினன், அப்புறம் அவன். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

மணி இரண்டே முக்கால்.

"ஒரு மைக்குக்கு இத்தனை அலங்காரமாக்கா?"

"ஸ்பீக்கருக்கு நட்டநடுவுல வெச்சா காதைக் குத்தும் தம்பி. ஓரத்துக்குப் போனா போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் இடையில ஒரு இடம் இருக்கு."

"அதான் ரெண்டு மைக் வெச்சிருக்கீங்களே?"

"ரெண்டும் ஒரே தூரத்துல இருக்கணும். இல்லைன்னா ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு அமுக்கிடும். உங்க வீட்டுல நடக்காததா?"

ஆம்ப்ளிஃபயர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து பொத்தானை அழுத்தி மச்சினனிடம் பேசினாள்.

"ராஜா, முழுசா இன்னொரு தடவை வாசி. ரெக்கார்டிங் இல்லை, மைக்குக்குத்தான்."

"மைக்குக்கு என் வாசிப்பு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போலக்கா" என்று சிரித்துவிட்டு ஆரம்பித்தான். கண்ணாடி அதிர்ந்தது.

"டெஸ்ட்டுக்கு நல்லாத்தான் வாசிப்பான். விளக்கு எரியட்டும், வண்டவாளம் தெரியும்" என்றான் பாடகன். "எனக்கெல்லாம் அந்தப் பயமே கிடையாது. போன வாரம் நான் பாடினப்ப பார்த்தீங்கல்ல? விளக்கு எரிஞ்சுது, ஒரே டேக். முடிஞ்சுது."

"பார்த்தேன்."

"அதுக்கு முன்னாடி மைக் டெஸ்ட்டுன்னு என்னையும்தான் நாலு தடவை பாட வெச்சீங்க. முகம் சுளிச்சேனா?"

"இல்லை. நீ நல்ல பிள்ளை."

வாசிப்பு முடிந்தது. மணி மூன்று. பாடகன் எழுந்தான்.

"போதும்கா. அவனை வெளிய வரச் சொல்லுங்க. டீக்கடையில இருக்கறவனைக் கூப்பிடறேன்."

"எதுக்கு? இன்னொரு டீ சொல்லி அனுப்பி வெச்சுடு. கிட்டார் முடிஞ்சாச்சு."

"எப்ப?"

"இப்ப வாசிச்சானே, அதுதான். காலையில இருந்து பதிவு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. விளக்கை மட்டும் போடலை."

அவள் போட்டுக் காட்டினாள். ஒரு பிசிறு இல்லை.

பாடகன் நம்பாமல் ஆம்ப்ளிஃபயர் அறைக்குள் போய்ப் பார்த்தான். மைக் ஸ்டாண்டுகளின் கால்கள் டேப் போட்டுத் தரையோடு ஒட்டப்பட்டிருந்தன. டேப்பை யாரும் பிரித்த தடமே இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பிஸ்கட் பாக்கெட். ஆறு அரை அங்குலத்தில் முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

விழுந்து விழுந்து சிரித்தபடி திரும்பி வந்தான்.

"மைக்கைத் தொடவே இல்லையாக்கா? இப்படி ஏமாத்தித்தான் வாசிக்க வைக்கணும்னா அவனெல்லாம் என்ன கலைஞன்? இருங்க, இதை அவன்கிட்ட சொல்லியே ஆகணும்."

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"தாராளமா சொல்லு தம்பி. அப்படியே, போன வாரம் விளக்கு எரிஞ்சப்ப நீ பாடினதை அன்னிக்கே அழிச்சுட்டேன், இப்ப பாட்டுல இருக்கறது உன் மைக் டெஸ்ட்டுதான்னும் சேர்த்துச் சொல்லிடு."