தற்செயலாக, கொடிவேரியில்

பச்சை டீ-சர்ட்டைக் கண்டதும் ஹாரிகா தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"ஏ பொறு சாமி, பையனோட அம்மா வரட்டும்!" என்று கரையிலிருந்து கோமளா கத்தியதில் பாதிதான் மகள் காதில் விழுந்தது. மீதியைக் கொடிவேரி அணையின் இரைச்சல் அடித்துக்கொண்டு போயிற்று.

ஏற்பாடு இதுதான். சிங்காநல்லூர் நவநீத்தின் குடும்பம் இந்த ஞாயிற்றுக்கிழமை கொடிவேரிக்குக் குளிக்க வரும். ஹாரிகாவின் குடும்பமும் வரும். தற்செயலாகப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்கவில்லையா, யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

அதனால் பேர் கேட்கக் கூடாது. கேட்டால் தற்செயல் கெட்டுவிடும் என்று சம்பந்தம் பேசிய கோவிந்தராஜுலு மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடையாளத்துக்குப் பச்சை டீ-சர்ட்.

போட்டோவில் பையன் கோட்டும் கண்ணாடியுமாக இருந்தான். கொட்டுகிற தண்ணீருக்கடியில் கோட்டு ஏது, கண்ணாடி ஏது? முடி நெற்றியில் ஒட்டிவிட்டால் எல்லா ஆண்களும் ஒரே ஜாடைதான்.

லீவு முடிந்து வியாழக்கிழமை அவளுக்கு டப்ளின் விமானம். இன்று சாயங்காலத்துக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.

இதுவரை எட்டுப் பையன்களோடு வீடியோ காலில் பேசியாயிற்று. எட்டுப் பேரும் முதலில் விசாவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

முதல் தாரை தோளில் விழுந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

நாலு பேர் சேர்ந்து முதுகில் குத்துகிற மாதிரி விழுந்தது பவானி ஆறு. மூச்சு முட்டியது. கண் திறக்க முடியவில்லை. ஹாரிகா "ஆ"வென்று கத்தினாள். பக்கத்தில் இருந்த குழந்தைகளும் கத்தினார்கள். எதற்கென்றே தெரியாமல் அவள் சிரித்தாள்.

கால் வழுக்கியது.

ஒரு துண்டின் நுனி அவள் முகத்துக்கு நேராக நீண்டது. மறுநுனி பச்சை டீ-சர்ட்டின் கையில்.

"பாசிங்க! பாத்து!"

துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டாமல் துண்டை நீட்டியது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பயமா இருக்குதுங்களா?" அவன் கத்திக் கேட்டான். கத்தாமல் அங்கே பேச முடியாது.

"இல்லீங்க! குளுருது!"

"அப்ப ஓரத்துல நிக்காதீங்க! உள்ள வந்தா குளுராது!"

உண்மைதான். தாரைக்குப் பின்னால், சுவரை ஒட்டி நின்றால் வெதுவெதுப்பாக இருந்தது. முன்னால் தண்ணீர் வெள்ளைத் திரையாகத் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அம்மா ஒரு மங்கலான புள்ளி.

"குடும்பத்தோடயா வந்தீங்க?" என்றான்.

ஒன்றுமே தெரியாத மாதிரி கேட்கிறானே! ஹாரிகாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமாங்க. சும்மா குளிச்சுட்டுப் போலாம்னு."

"நாங்களும் சும்மாதானுங்க!"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்த சிரிப்பில் வாய்க்குள் தண்ணீர் போய்ப் புரையேறியது. அவன் தலையில் தட்டப்போனவள், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

விசாவைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. மறுபடியும் தாரைக்குள் போகலாமா என்றுதான் கேட்டான். போனார்கள். மூன்று முறை.

கரையேறியபோது ஹாரிகாவின் பற்கள் தந்தியடித்தன. கோமளா துண்டால் அவள் தலையைப் பரபரவென்று துவட்டினாள். அப்பா நரசிம்மலு ஒரு கையில் பொரித்த மீனோடு நின்றார்.

"சம்பந்தி ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல மீன் நாத்தத்தோட நிக்கறீங்களே, உங்கள..." என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கோமளா மகளின் காதருகே குனிந்தாள். "ஏங்கண்ணு, புடிச்சிருக்குதா?"

எட்டு முறை "யோசிச்சுச் சொல்றேன்" என்றவள் ஹாரிகா.

"புடிச்சிருக்குதும்மா."

கோமளா மகளின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். நரசிம்மலு பாதி மீனை மகளிடம் நீட்டினார். மஞ்சள் தூளும் மிளகாயுமாக நாக்கு எரிந்தது. இவ்வளவு ருசியான மீனை அவள் தின்றதே இல்லை.

கோமளாவின் போன் அடித்தது. கோவிந்தராஜுலு மாமா.

"அண்ணா, புள்ளைக்குப் புடிச்சுப்போச்சுங்க! பையன் தங்கம்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கேட்டாள். முகம் மெல்ல மாறியது. போனை இறக்கினாள்.

"புளியம்பட்டில டயர் பஞ்சராமா. ஒட்டிட்டு இப்பத்தான் கெளம்பறாங்களாம். நவநீத்தும் கார்லதான் ஒக்காந்திருக்கானாம்." அவள் மகளைப் பார்த்தாள். "அப்ப நீ யாருகூடடி குளிச்சுட்டு வந்த?"

ஹாரிகா திரும்பினாள்.

அந்தப் பக்கத்துப் பாறையில் பச்சை டீ-சர்ட்டின் கையைப் பிடித்து ஒரு அம்மா உலுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையால் படிக்கட்டைக் காட்டினாள். அங்கே தலை நிறைய மல்லிகையோடு, நனைகிற உத்தேசமே இல்லாத ஒரு பெண், தன் அப்பா அம்மாவுக்கு நடுவில் நின்று, தற்செயலாக யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அவன் படிக்கட்டைப் பார்த்தான். பிறகு ஹாரிகாவைப் பார்த்தான்.



அவன் அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினான். தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது.

ஹாரிகா மீனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

"எங்கடி போற? இன்னும் அரை மணி நேரத்துல அவங்க வந்துருவாங்க!"

"இன்னும் சரியா நனையலம்மா!"