பால்காரர் வந்த ஜெபம்

பியூலா வீட்டுக் கிளி, மூன்று வருடமாக அவளுடைய காலை ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தது. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகையில் தங்கள் மைனாவை அங்கே விட்டுச் சென்றார்கள். விடிந்ததும் கிளி பெருமையோடு, பியூலாவின் குரலிலேயே ஜெபித்துக் காட்டியது.

“ஆண்டவரே, முழு மனசோட வர்றேன். யாரு, பால்காரரா? ரெண்டு பாக்கெட் போதும். உம்மைத் தவிர எனக்கு யாருமில்லப்பா. ஐயோ, குக்கர் மூணு விசில் ஆச்சே. ஆமென்.”

மைனா திகைத்துப்போனது. “எங்க வீட்டு ஜெபத்துல பால்காரர் வரமாட்டாரே, அக்கா.”

கிளி இறகைச் சிலுப்பிக்கொண்டது. “ஒரு வார்த்தைகூட நான் மாத்தலையே. தினமும் இதுதானே ஜெபம்?”

மைனா கிளிக்குப் பின்னால் பார்த்தது. கிளி திரும்பியது. ஜெபிக்க வந்த பியூலா முகம் வெளிறி நின்றிருந்தாள்.

“தினமுமா?” என்று கிளியிடம் மெதுவாகக் கேட்டாள்.