ரிகிள்

“ரிகிள்னா நெளியறது, துள்றது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கோ” என்றாள் திவ்யலட்சுமி. கரமனையில் வீட்டிலிருந்தே நடத்தும் ஆன்லைன் ஆங்கில வகுப்பு. திரையில் அவள் முகம் மட்டும்தான் தெரியும்.

“த வோர்ம் ரிகிள்ஸ்” என்றான் அனூப்.

“புழுவை எல்லாரும் சொல்லுவா. வேற?”

திரையில் தெரியாமல் கீழே அவள் கைவளையல்கள் ஓயாமல் குலுங்கின.

“வளையல் சத்தம் இங்க வர கேக்கு டீச்சர்” என்று சிரித்தாள், வித்துராவிலிருந்து படிக்கும் இசக்கிசெல்வி. “எம் மூத்தவன் வயித்துல கெடக்கும்போ இந்தச் சத்தம் கேட்டா போதும், நெளிவான். த பேபி ரிகிள்ஸ். சரிதானா?”

“சரி. இன்னொரு தடவை சொல்லுங்கோ.”

அவள் மறுபடி சொன்னாள்.

கணவன் ஹரிஹரன் கையில் பையோடு அறை வாசலில் வந்து நின்றான். “கார் வந்தாச்சு, திவ்யா. டாக்டர் உடனே வரச் சொல்லியிருக்கா. போதும், எழுந்திரு.”

“ரெண்டே வாக்கியம் பாக்கி.”

திரைக்குக் கீழே, ஏழு மாத வயிற்றோடு மணிக்கட்டை ஒட்டிவைத்து மறுபடி குலுக்கினாள். முந்தாநாள் வளைகாப்பில் போட்ட வளையல்கள். அன்று அந்தச் சத்தத்துக்கு உள்ளே ஒரே ஆட்டம். நேற்றுக் காலையிலிருந்து ஓர் அசைவும் இல்லை.

வகுப்பு முடிகிறவரை அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த டாக்டரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

“அடுத்தது யாரு?” என்றாள்.