ஒரு தட்டு

திருப்பதி ஆஸ்பத்திரி ஜன்னலில் ஏழுமலை மாலை வெயில் பட்டுச் சிவந்து நிற்கிறது. தலையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் லோகேஸ்வரன் இன்னும் கண் திறக்கவில்லை. கட்டிலடியில், கோடை விடுமுறைகளில் குடும்பத்தோடு இமயமலை ஏறிய முதுகுப்பை. இப்போது அதற்குள் பிளாஸ்க்கும் துண்டும். வாரில் அந்த மலைச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. "கூப்ட்டுக்கினே இரு, யாமினி," என்கிறாள் அம்மா கன்னிகா, அவர் பாதத்தைத் தேய்த்தபடி. அப்பாவை "நைனா, நைனா" என்று கூப்பிட்டே மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பனிமூட்டத்தில் ஆள் தெரியாத அந்த இமயமலைப் பாதைகளில் யாரும் கத்தியதில்லை. "கத்தாதீங்க, மூச்சு தீந்துடும்," என்பார் லோகேஸ்வரன். முன்னால் போகிறவர்கள் கைத்தடியால் பாறையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். கடைசியாக வரும் அவர் ஒரு தட்டில் பதில் சொல்வார்: நில்லுங்க, வந்துக்கினு இருக்கேன். யாமினி வளையலைக் கழற்றிக் கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டுகிறாள். மானிட்டர் மட்டும் கீச்சிடுகிறது. கன்னிகாவின் கை நின்றுவிடுகிறது. மறுபடியும் இரண்டு தட்டு. போர்வைக்கு வெளியே கிடக்கும் அவருடைய சுட்டுவிரல் மெல்ல எழுந்து கம்பியில் ஒருமுறை விழுகிறது. இருவரும் அப்படியே நிற்கிறார்கள்.