கீழ்வீட்டுக்காரரின் கொப்பி

மொன்றியலின் புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலை செய்யும் கிறிஸ்தோப்பரிடம், 2024 மார்கழியில், பங்கு மண்டபத்து நத்தார் ஒளிவிழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டது. நடந்தது செயின்ட்-மிஷேலில், இரண்டு பனிக்காலம் முந்தி என்றார்.

"றெக்ஸ், உன்ர கீழ்வீட்டுக் கிழவன் ஆரெண்டு தெரியுமே?"

தமிழ்க் கடை வாசலில் மகேந்திரராசா குரலைத் தாழ்த்தினார். றெக்ஸுக்கு ஊர்க்காரர், வயதில் மூத்தவர்.

"வாசிலே. ருமேனியாக்காரர். பாவம், தனி ஆள் அண்ணை."

"பாவமோ! எங்கட வேலைத்தலத்து ருமேனியாக்காரி சொன்னவள். சௌசெஸ்குவின்ர ஆட்சியில உவர் ஆள்காட்டியாம். ஆமியோட வந்து ஆக்களைக் காட்டிக்குடுத்த எங்கட தலையாட்டியள் எண்டாலும் சாக்கால முகத்தை மூடினவங்கள். இவர் கையெழுத்துப் போட்டெல்லோ எழுதிக் குடுத்தவர்!"

றெக்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். மகேந்திரராசா இன்னும் கிட்ட வந்தார்.

"குஞ்சன் விசயம் கவனம். என்ர தங்கச்சியின்ர பெட்டையைக் கட்டமாட்டனெண்டவன்தான். எண்டாலும் ஊர்ப்பொடியனெல்லே."

குஞ்சன் என்பது, றெக்ஸின் மனைவி சர்மிளாவுடைய தம்பி பிருந்தனுக்குத் தாய் வைத்த வீட்டுப்பெயர். எந்தப் பத்திரத்திலும் இல்லாதது. மொன்றியலில் அதை அறிந்தவர்கள் றெக்ஸ், சர்மிளா, மகேந்திரராசா ஆகிய மூவர் மட்டுமே. அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, ஒக்ரோபரில் நாட்டைவிட்டுப் போயிருக்கவேண்டிய பிருந்தன், மேல்மாடியில் றெக்ஸ் வீட்டின் பின்னறையில் இருந்தான். திருப்பி அனுப்பினால் அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை, அவன் வலக்கையில் நகமில்லாத இரண்டு விரல்களே சொல்லும்.

அன்றுதொட்டு றெக்ஸ் கவனித்தான். வெளிக்கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் கீழ் யன்னலில் கிழவரின் முகம். மணிக்கூட்டைப் பார்ப்பார். கொப்பியில் எழுதுவார்.

"அத்தான், நான் வேற எங்கையும் போறன்," என்றான் பிருந்தன்.

"எங்க போவாய்? மெட்ரோவுக்குள்ளயோ படுக்கப்போறாய்? சத்தம் போடாமல் இரு."

பிருந்தன் காலுறையோடு சுவரோரமாய் நடக்கப் பழகினான். சர்மிளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, றெக்ஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு மட்டுமே.

"முசியே வாசிலே, எங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதுகிறீர்கள்?"

"உள்ளே வாருங்கள்." கிழவர் மறுக்காததே றெக்ஸை உலுக்கியது. சமையலறைக்கு அழைத்துப்போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

"நீங்கள் ஆள்காட்டியாக இருந்தது உண்மையா?"

"ஆறு வருடம்." கிழவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். "சௌசெஸ்கு சப்பாத்துத் தைக்கப் பழகிய ஏழைப் பையன். ஏழைகளின் ஆட்சி என்றான், நம்பினோம். கொஞ்சங்கொஞ்சமாகக் கட்சி, படை, வானொலி எல்லாம் அவன் வீட்டுச் சொத்தாகிவிட்டன. குளிரில் வீட்டுக்குள் கோட்டோடு படுத்தோம். அவனோ மாளிகை கட்டுவதற்கு எங்கள் தெருவை இடித்தான். டைப்ரைட்டர் வைத்திருந்தவர்கள் வருடாவருடம் அதைப் பொலிசுக்குத் தூக்கிப்போய்ப் பதிந்தார்கள். என் மகளைக் காட்டி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எங்கள் மேல்வீட்டுப் பல்வைத்தியர் இறைச்சிக்கடை வரிசையில் நின்று அவனைப் பற்றி ஒரு பகிடி விட்டார். அதையும் எழுதினேன். மனிதர் திரும்பி வரவில்லை."

"ஒரு பகிடிக்கா?"

"நல்ல பகிடி. நானும் சிரித்தேன். அதை மட்டும் எழுதவில்லை."

அழைப்புமணி அடித்தது.

யன்னலால் எட்டிப் பார்த்த கிழவர், றெக்ஸை அங்கேயே நிற்கச் சைகை காட்டி, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

"பொன்ஜூர். குடிவரவு அதிகாரிகள். மேல்மாடியில் 'குஞ்சன்' என்று ஒருவர் ஒளிந்திருப்பதாகத் தொலைபேசியில் தகவல் வந்தது."

கதவுக்குப் பின்னால் றெக்ஸ் மூச்சை அடக்கினான்.

"இந்த வீட்டில் யார் வந்தாலும் போனாலும் நான் எழுதி வைப்பேன்," என்றது கிழவரின் குரல். "பழைய பழக்கம். இந்தாருங்கள், பாருங்கள்."

தாள் புரளும் ஓசை. போச்சு, எல்லாம் போச்சு என்று றெக்ஸ் நினைத்தான்.

சப்பாத்துகள் படியேறின. கதவில் மூன்று தட்டு. மேலே ஒரு பலகைகூட முனகவில்லை. சப்பாத்துகள் இறங்கின. கார் புறப்பட்டது.

கிழவர் வந்து கொப்பியை மேசையில் விரித்தார். மூன்று மாதம், ஒருநாள்கூடத் தவறாமல்: 'எட்டு பத்து, கணவன் வெளியே. எட்டரை, மனைவி வெளியே. அதன்பின் வீட்டில் ஆளில்லை. சத்தமில்லை.'

"ஆனால், உங்களுக்கு..."

"ஒக்ரோபரிலிருந்தே தெரியும். பயந்து நடப்பவனின் காலடி எனக்கு நன்றாகக் கேட்கும். ஒருநாள் யாராவது விசாரிக்க வருவார்கள் என்பதும் தெரியும். வாயால் சொன்னால் சந்தேகப்படுவார்கள். தேதி போட்டு எழுதியிருந்தால் நம்புவார்கள்." கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அது சரி, யார் அந்தக் குஞ்சன்? இந்தப் பெயரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்."

றெக்ஸ் கதிரையில் அமர்ந்து, அந்தப் பெயர் தெரிந்த மூவரை விரல்விட்டு எண்ணினான்.

கிறிஸ்தோப்பர் இவ்விடத்தில் நிறுத்தி, பிருந்தனுக்குப் போன கோடையில் வதிவுரிமை கிடைத்தது என்று மட்டும் சேர்த்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இதே கதையைச் சிவநேசம் அக்கா சொல்லும்போது, பிருந்தன் அன்று குளியல் தொட்டிக்குள் படுத்திருந்தான், மற்றபடி வேறுபாடில்லை.

முடிவு மாறும் வடிவம் ஒன்றும் உண்டு. அதில் குடிவரவுக்குத் தொலைபேசி எடுத்தவர் கிழவர். முன்கூட்டியே எச்சரித்துப் பிருந்தனைக் காப்பாற்றியவர் நல்ல மனம் படைத்த ஊர்க்காரர் ஒருவர். ஆள்காட்டியைத் தெருவே கூடித் துரத்தியது. அந்த வடிவத்தைச் சொல்பவர் இதுவரை ஒரே ஒருவர்தான்: மகேந்திரராசா.