லைன் வேண்டாத வீடு

“இன்டர்நெட் லைன் இல்லாமயே ஓடணும் அண்ணே. முடியுமா, முடியாதா?”

முருகையா லேப்டாப்பை மேசையில் தள்ளினான். பழசு. உள்ளே இருந்த விண்டோஸ் செத்துப் போயிருந்தது.

காளிதாசனுக்குக் கூலிமில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கரங்கான் எஸ்டேட் வரைக்கும் வீடு தேடி வரச் சொன்னபோதே அவருக்கு எரிச்சல்.

“விண்டோஸ் இப்பல்லாம் இன்டர்நெட் கேட்டு அடம் புடிக்கும். லினக்ஸ் போடறேன். பென்டிரைவ்லயே இருக்கு. ஆமா, யாருக்கு இது?”

“மகளுக்கு. எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போவுது.”

“படிக்கிற புள்ளைக்குத்தான்லா லைன் வேணும்!”

“டைப் அடிச்சா போதும்.”

உள்ளறை வாசலில் மகள் ஷீலா நின்றாள். ஈர்க்குச்சிக் கை. காளிதாசன் திரும்பியதும் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

“போனாவது வெச்சிருக்கா?”

“ஒடைச்சிட்டேன்.”

“நல்ல அப்பன்யா நீ.”

முருகையா சார்ஜரை எடுத்து நீட்டினான்.

காளிதாசன் பென்டிரைவைச் செருகினார். “பழசெல்லாம் அழிஞ்சிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

“அழிங்க. ஒண்ணு விடாம அழிங்க.”

தே தாரிக் தேத்தண்ணியைப் பையில் கட்டிப் புங்குஸ் பண்ணி வருவதாகச் சொல்லிவிட்டு முருகையா கடைக்குப் போனான்.

லினக்ஸ் ஏறிவிட்டது. வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை. இந்த மாடலுக்கு வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். லைன் இருந்தால் தானே இறக்கிக்கொள்ளும். இல்லாத வீட்டுக்குக் கையில் கொண்டுபோக வேண்டும். காளிதாசன் பென்டிரைவில் அது எப்போதும் இருக்கும்.

இவன் யார் தடுக்க? போட்டார்.

“பாப்பா, இங்க வா. சீக்கிரம்.”

ஷீலா தயங்கி வந்தாள்.

“வைஃபை போட்டுட்டேன். அக்கம்பக்கத்துல பாஸ்வர்ட் கேட்டு வாங்கிக்க. அப்பன்கிட்ட மூச்சு விடாதே.”

திரையில் பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஷீலாவின் முகம் வெளுத்தது. லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். மூடியபிறகும் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே நின்றாள்.

“எடுத்துடுங்க அங்கிள். ப்ளீஸ்.”

“ஏன், அடிப்பானா?”

“அப்பாவா? இல்ல அங்கிள்.” வாசலை ஒருமுறை பார்த்தாள். “சுங்கை பட்டாணியில, பழைய ஸ்கூல்ல, என் படம்னு ஒண்ணு... அசிங்கமா. கிளாஸ் பையன் கம்ப்யூட்டர்ல செஞ்சது. மொகம் மட்டும்தான் அங்கிள் என்னோடது. எல்லார் போனுக்கும் போயிருச்சு.”

காளிதாசன் பென்டிரைவை உருவினார்.

“அப்பா வேலையை விட்டுட்டு என்னை இங்க கூட்டிட்டு வந்துட்டாரு. போனை ஒடைச்சது நான்தான். லைன் இருந்தா திரும்பத் திரும்ப அதையே தேடிப் பாக்கறேன் அங்கிள். அதான் வேணாம்னு சொன்னேன்.”

“அப்ப அவன் ஏன் தான் ஒடைச்சேன்னு...”

“யாரு கேட்டாலும் தன் மேல போடச் சொல்லியிருக்காரு. என்னை யாரும் எதுவும் கேக்கக் கூடாதாம்.”

காளிதாசன் டிரைவரை எடுப்பதோடு விடவில்லை. அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, வைஃபை கார்டையே பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

முருகையா தேத்தண்ணிப் பையோடு வந்தான். “முடிஞ்சுதா அண்ணே?”

“முடிஞ்சுது. இனிமே லைன் வராது.”

அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

கார் கதவைத் திறக்கும்போது பக்கத்து வீட்டு மருதம்மாள் வேலியோரம் வந்து நின்றாள்.

“புதுசா வந்த குடும்பம் அண்ணே. அந்தப் பொண்ணு வெளிய தலையே காட்ட மாட்டேங்குது. பொண்ணு மேல ஏதும் தப்பு தண்டாவோ?”

காளிதாசன் அவளை முறைத்தார்.

“பொண்ணு தங்கம். அப்பன்தான் சரியில்லலா.”